பாப்பா, பத்தடி தள்ளி நின்று பார்!

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ரத்ததான முகாம் போஸ்டரைப் பார்த்தேன். முதல் போஸ்டருக்கு இவ்வளவு உழைத்திருக்கிறாயே என்று சந்தோஷமாக இருந்தது. சொட்டும் ரத்தத் துளி, துளிக்குள் இதயம், பின்னால் சிவப்புப் புகை, ஓரத்தில் கல்லூரிக் கட்டடம், எழுத்துக்கெல்லாம் தங்கப் பளபளப்பு. போனை அப்படியே அம்மாவிடம் நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஏதும் புதுப்படமா?” என்று கேட்டாள். முகாம் என்றைக்கு, எந்த இடத்தில் என்பது அவள் கண்ணில் படவே இல்லை.

மதுரையில் ஒரு அச்சகத்தின் டிசைன் மேசையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். உன் வயதில் எனக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைக்கிற விஷயங்களை மட்டும் இதில் எழுதுகிறேன். டுடோரியல் வீடியோ எதையும் திறக்காமல் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு.

நோட்டில் எழுதிவிட்டு கம்ப்யூட்டரைத் திற

போஸ்டரைப் பார்க்கிறவர் நடந்துகொண்டிருப்பார். கையில் பை இருக்கும், மனதில் வேறு ஏதாவது ஓடும். அவர் உனக்குத் தருவது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் எது போய்ச் சேர வேண்டும் என்பதை நோட்டில் ஒரே வரியாக எழுது. உன் போஸ்டருக்கு அந்த வரி: “அக்டோபர் 1 காலை, கல்லூரி கலையரங்கில் ரத்தம் கொடுக்க வாருங்கள்.” அன்றைக்கு தேசியத் தன்னார்வ ரத்ததான நாளும்கூட. அவ்வளவுதான் செய்தி. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

ரத்ததானம் என்ற சொல் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கட்டும். அடுத்தது தேதியும் இடமும். மூன்றாவது, தயங்குகிறவருக்குத் தேவைப்படும் விவரம்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. இந்த ஒரு வரியே பத்துப் பேரின் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். உன் போஸ்டரில் அது இல்லை. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை என்று ஒன்பது பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பட்டியல் அழைப்பிதழுக்கு உரியது. துறையில் “பெயர் வந்தே ஆக வேண்டும்” என்று பிடிவாதமாகச் சொன்னால் சண்டை போடாதே. அடியில் ஒரு பட்டை ஒதுக்கி, எல்லாப் பெயரையும் ஒரே சிறிய அளவில் வைத்துவிடு. ஒருவர் பெயரைப் பெரிதாக்கினால் மற்ற எட்டுப் பேரும் உன்னைத் தேடி வருவார்கள்.

வரிசை முடிவானதும் ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட் எடுத்து ஹாஸ்டல் சுவரில் ஒட்டு. பத்தடி தள்ளி நின்று கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார். எது முதலில் தெரிகிறதோ அதுதான் உன் போஸ்டர் உண்மையில் சொல்வது. போர்டு எழுதுகிற தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருந்தால்தான் வசதியாகப் படிக்க முடியும். வராண்டா நோட்டீஸ் போர்டை ஐந்தாறு அடியில் நின்று பார்ப்பார்கள் என்றால், தேதி அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நீ வைத்த தேதியை அளந்து பார்த்தேன். ஏ4 தாளில் அது கால் அங்குலம்கூட வரவில்லை.

வாட்ஸ்ஆப்பில் மட்டும் போகிற போஸ்டருக்கும் இதே சோதனைதான். படத்தை ஒரு தபால்தலை அளவுக்குச் சுருக்கு. தேதி தெரிந்தால் அனுப்பு.

தமிழ் எழுத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கு

நீ பார்க்கிற வீடியோக்களில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் கற்றுத் தருகிறார்கள். அதை அப்படியே தமிழில் செய்தால் பல இடத்தில் இடிக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் கொடுக்க எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடலாம். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. தடிமன், அளவு, நிறம், சுற்றியுள்ள காலி இடம் ஆகிய நான்கை வைத்துத்தான் நாம் அழுத்தம் காட்ட வேண்டும். அதில் காலி இடத்தைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை.

நம் எழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும் உண்டு, கீழே இறங்குகிற சுழியும் உண்டு. வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைப்போல வைத்தால் மேல்வரியின் ‘கு’ கீழ்வரியின் ‘கி’யோடு மோதும். எழுத்து அளவைப்போல ஒன்றரை மடங்கு இடைவெளி கொடுத்துப் பார். அதேபோல, இடம் நிரம்பவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காதே. இழுத்தால் ‘ண’வின் சுழிகள் நசுங்கிப் போகும்.

பெரிய ஆபத்து புள்ளிக்குத்தான். எழுத்தைச் சுற்றித் தடிமனாக ஸ்ட்ரோக் கொடுத்தால் முதலில் காணாமல் போவது அதுதான். “பல் மருத்துவ முகாம்” என்று போட்டு, புள்ளி ஸ்ட்ரோக்கில் மறைந்து, “பல மருத்துவ முகாம்” என்று தெருவில் நின்ற பேனரை நானே பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரோக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அது எழுத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் வரட்டும். புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு சேமி.

‘கொ’ என்று அடித்தால் கொம்பு முன்னால் வராமல் ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று கேட்டிருந்தாய். அது ஃபான்ட்டின் கோளாறு இல்லை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகள் ஐரோப்பிய மொழிகளை மனதில் வைத்தே எழுத்தை அடுக்கும். பிரிஃபரன்ஸில் டைப் என்ற பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் என்ஜினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்று. சில பதிப்புகளில் அதற்கு ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ என்று பெயர். மாற்றியபின் புதிய ஃபைலில் புதிதாக அடித்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

அச்சகத்துக்கு வந்தால் இன்னொரு பிரச்சினையையும் பார்ப்பாய். யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. உதாரணத்துக்கு பாமினி. அதில் ‘அம்மா’ என்ற சொல் கம்ப்யூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி உருவம் அவற்றின்மேல் போர்த்தியிருக்கிறது. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் போர்வை நழுவி ஆங்கிலக் குறிகள் வெளியே தெரியும். அதனால் நீ யூனிகோடிலேயே பழகு. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் இலவச ஃபான்ட்கள் நிறையக் கிடைக்கும். தலைப்புக்குப் பருமனாக வேண்டுமானால் பாலூ தம்பி. விவரத்துக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை. இரண்டிலும் பல தடிமன்கள் உண்டு. கையெழுத்துச் சாயலுக்கு கவிவாணர். ஒரு போஸ்டருக்கு இரண்டு ஃபான்ட் போதும். உன்னுடையதில் ஆறு எண்ணினேன்.

ஃபான்ட் தாண்டி, தமிழ் எழுத்தின் அழகைப் பார்க்க வேண்டுமென்றால் ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த தலைப்பெழுத்துகளைத் தேடிப் பார். டிராட்ஸ்கி மருதுவின் அட்டைப்படங்களையும் பார். ஒரு எழுத்தின் வளைவிலேயே குணம் எப்படி வந்து உட்காருகிறது என்று தெரியும். நூலகத்தில் பழைய சிற்றிதழ்க் கட்டுகள் இருந்தால் ஒரு மதியம் முழுக்க அங்கே செலவழிக்கலாம்.

படத்தில் கை வைக்கும் முன்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ராத்திரி நேரத்தில் வருகிற வேலை பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். விடிவதற்குள் ஒட்ட வேண்டும். நான் சேர்ந்த முதல் வருஷம், பதினோரு மணிக்கு ஒரு அண்ணன் வந்தார். கையில் ஒரு கல்யாணக் குரூப் போட்டோ. அதில் மூன்றாவது வரிசையில் நிற்கிறவர் அவருடைய அப்பா. அன்று மாலைதான் தவறியிருந்தார். தனிப் படம் வேறு எதுவும் இல்லை.

நான் ஸ்கேன் செய்து, முகத்தைத் தனியாக வெட்டி எடுத்து, கீறலை நீக்கி, வழக்கமாக எல்லோரும் செய்வதுபோல முகத்தை நன்றாக வெளுப்பாக்கி, சுருக்கங்களை வழித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தோற்றம் மறைவு தேதிகளைப் போட்டு ஸ்கிரீனில் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது எங்கப்பா மாதிரி இல்லையே” என்றார். வெயிலில் நின்று கொத்தனார் வேலை பார்த்தவர் அவர். கறுத்த நெற்றியும், புருவத்துக்கு நடுவில் இருந்த இரண்டு கோடும்தான் அந்த மகனுக்கு அப்பா. நான் இரண்டையும் அழித்துவிட்டிருந்தேன். முதலிலிருந்து மறுபடி செய்தேன். கீறலும் தூசியும் மட்டும் போயின. கோடுகளும் நிறமும் இருந்தபடியே இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு “இதான்” என்றார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் தோலை வெளுப்பாக்கித் தருவதில்லை. வெளிச்சம் போதாமல் இருண்டிருந்தால் சரிசெய்வேன், அது வேறு. நீயும் உன் தோழிகள் படத்தில் இதைச் செய்யாதே பாப்பா. கேட்டாலும் செய்யாதே.

பழைய படத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பாய். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய். இல்லாவிட்டால் ஜன்னலோரம் சமமாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், போனை நேர் மேலே பிடித்து எடு. ஒரிஜினல் லேயரைத் தொடாதே. அதற்கு மேலே காலி லேயர் ஒன்றைப் போட்டு, ஹீலிங் பிரஷ்ஷில் எல்லா லேயரிலிருந்தும் எடுக்கும்படி அமைத்து, கீறலை அந்தக் காலி லேயரில் சரிசெய். தப்பானால் அந்த இடத்தை மட்டும் அழித்துக்கொள்ளலாம். வெளிச்சத்துக்கு பிரைட்னஸை விட கர்வ்ஸ் நல்லது. நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டு, வெளிச்சமான பகுதியை அப்படியே விட்டுவிட அதில் முடியும்.

பெரிதாக்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. போட்டோவில் முகம் ஒரு அங்குலம் என்றால் 600 டிபிஐ ஸ்கேனில் கிடைப்பது 600 பிக்சல். அதையே மூன்றடி, அதாவது 36 அங்குல முகமாக ஃபிளெக்ஸில் போட்டால் அங்குலத்துக்கு 17 பிக்சல்கூட வராது. மங்கலாகத்தான் தெரியும். அதைத் தெளிவாக்குகிறேன் என்று ஏஐ ஆப்களில் போட்டால், இல்லாத விவரத்தை அது தானே கற்பனை செய்து நிரப்பும். கண்ணிமையும் பல் வரிசையும் வேறு யாருடையதோ ஆகிவிடும். வானத்துக்கும் சுவருக்கும் அந்த வசதியைப் பயன்படுத்து. முகத்துக்கு வேண்டாம், முகத்தைச் சிறிதாகவே வை.

வெட்டி ஒட்டுவதில் வெளிச்சம்தான் எல்லாம்

ஒரு படத்திலிருந்து ஆளை எடுத்து வேறு இடத்தில் நிறுத்துவதுதான் உனக்குப் பிடித்த வேலை என்று தெரியும். அது செயற்கையாகத் தெரிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வெட்டிய ஓரம் இல்லை, வெளிச்சம். இரண்டு படங்களிலும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார். கண்மணியில் இருக்கும் வெள்ளைப் பொட்டு எந்தத் திசையில் என்று பார். ஆளுக்கு இடப்பக்கத்து வெளிச்சம், பின்னணிக்கு வலப்பக்கத்து வெளிச்சம் என்றால் எந்த ஃபில்டராலும் சேர்க்க முடியாது.

ஆளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். ஆண் படமென்றால் சட்டைப் பை வலப்பக்கம் போகும். புடவை என்றால் இடது தோளில் இருக்க வேண்டிய முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தியும் பக்கம் மாறும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், பார்க்கிற நம் வீட்டுப் பெண்கள் ஏதோ சரியில்லை என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதனால் பின்னணியைத் திருப்பு. அதில் போர்டோ வண்டி எண்ணோ இல்லாமல் பார்த்துக்கொள்.

அடுத்து கால். செருப்பு தரையைத் தொடுகிற இடத்தில் ஒல்லியாக, கறுப்பாக ஒரு நிழல் இருக்கும். தள்ளிப் போகப் போக அகன்று வெளுக்கும். அதைத் தனி லேயரில் மல்டிப்ளை மோடில் வரை. சுத்தக் கறுப்பு வேண்டாம். செம்மண் தரை என்றால் அந்த மண்ணின் இருண்ட நிறத்தையே எடுத்துக்கொள்.

வெட்டுவதற்கு எரேசரைத் தொடவே கூடாது. லேயர் மாஸ்க்தான். மாஸ்க்கில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். நாளைக்கே மனம் மாறினாலும் கையை மீட்டு எடுக்கலாம். முடிதான் கஷ்டம். எண்ணெய் வைத்துப் பின்னிய தலை எளிது. காற்றில் பறக்கும் கூந்தல் மணிக்கணக்கில் இழுக்கும். அதற்கு நல்ல வழி, படம் எடுக்கும்போதே யோசிப்பது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டை மாடியில், வெயில் படாத நிழலில், வெறும் வெளிர் சுவருக்கு இரண்டடி முன்னால் தோழியை நிறுத்து. கம்ப்யூட்டர் வேலை பாதியாகிவிடும்.

டபுள் எக்ஸ்போஷர் கேட்டாயே, அது பார்க்கிற அளவுக்குக் கடினமில்லை. வெளுத்த வானத்துக்கு எதிரே ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்தி, உருவம் இருட்டாக வரும்படி எடு. மேலே பனைமரப் படத்தை வைத்து மோடை ஸ்கிரீன் என்று மாற்று. இருட்டான முகத்துக்குள் மரம் நிரம்பும், வெள்ளை வானம் வெள்ளையாகவே இருக்கும். கண்ணும் உதடும் இருக்கிற இடத்தில் மாஸ்க்கால் மரத்தைக் கொஞ்சம் விலக்கு. போனிலேயே செய்ய ஸ்னாப்சீடில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத 1857-இலேயே ஆஸ்கர் ரைலாண்டர் என்ற புகைப்படக்காரர் சுமார் 30 நெகட்டிவ்களைப் பகுதி பகுதியாக அச்சிட்டு ஒரே படமாகச் சேர்த்திருக்கிறார். இருட்டறையில் மற்ற பகுதியையெல்லாம் மூடிவிட்டு, ஒவ்வொரு நெகட்டிவாக வெளிச்சம் காட்டினார். நீ மாஸ்க்கில் செய்வது அதே வேலைதான்.

எந்த சாஃப்ட்வேர், எந்த லேப்டாப்

இதற்கு அதிகம் யோசிக்காதே. திருட்டு போட்டோஷாப் மட்டும் ஏற்றாதே, வைரஸோடுதான் வரும். போட்டோபியா பிரவுசரிலேயே திறக்கும், இலவசம், போட்டோஷாப் ஃபைலையும் எடுத்துக்கொள்ளும். கிம்ப்பும் இலவசம். லோகோ மாதிரி வேலைக்கு இங்க்ஸ்கேப். அவசர வேலைக்கு கேன்வா வசதிதான். ஆனால் அதில் தயாராக இருக்கும் டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு வருஷம் கழித்தும் வெறும் தாளைப் பார்த்து பயப்படுவாய். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஆரம்பிக்கலாம். டச்பேடில் கஷ்டப்படாமல் ஒரு மவுஸ் வாங்கிக்கொள். அதற்கு நான் பணம் போடுகிறேன்.

கூகுளில் தேடி வருகிற படமெல்லாம் எடுத்துக்கொள்ள அனுமதி உள்ளது என்று அர்த்தமில்லை. அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், விக்கிமீடியா காமன்ஸ் போன்றவற்றில் எடு; காமன்ஸில் எடுத்தவர் பெயர் போடச் சொல்லியிருந்தால் போடு. அதைவிட, நீயே எடுத்த படம் இன்னும் நல்லது.

அச்சகத்துக்கு அனுப்பும்போது

ஏ4 என்றால் 210க்கு 297 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் அது 2480க்கு 3508 பிக்சல். ஆரம்பத்திலேயே இந்த அளவில் ஃபைலைத் திற. இன்ஸ்டாகிராமுக்குச் செய்த 1080 பிக்சல் படத்தைக் கொண்டுவந்து “கொஞ்சம் பெருசாக்கிக் கொடுங்கண்ணா” என்றால் யாராலும் முடியாது. ஃபிளெக்ஸ் தூரத்தில் நின்று பார்ப்பது என்பதால் 72 டிபிஐ போதும். ஆறடிக்கு நாலடி பேனருக்கு 5184க்கு 3456 பிக்சல். தாளில் அச்சாகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் அதிகமாக பின்னணியை நீட்டிவிடு. கட்டிங்கில் கத்தி இம்மி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாது.

ஸ்கிரீனில் ஒளிர்கிற நீலமும் பச்சையும் மையில் வராது. அச்சு என்பது சிஎம்ஒய்கே, நான்கு மைகள். உன் பளீர் நீலம் தாளில் ஊதாவாக இறங்கும். சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் கொடு. நான்கு மையும் கலந்த கறுப்பு கொடுத்தால், பிளேட் இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறம் பிசிறும்.

எழுத்தை கர்வ் பண்ணி, அதாவது உருவமாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடு. கோரல்டிராவில் கன்ட்ரோல் கியூ. அப்போது எங்கள் கம்ப்யூட்டரில் உன் ஃபான்ட் இல்லாவிட்டாலும் உடையாது. ஆனால் கர்வ் பண்ணாத ஃபைல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் திருத்தவே முடியாது. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பு.

அனுப்புமுன் இன்னொருவரை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல். நீயே படித்தால் உன் மனதில் இருப்பதைத்தான் படிப்பாய். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, இனிஷியல் சரியா, போன் எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணு. “சும்மா ஒரு டிசைன் போட்டுக் கொடு” என்று கேட்கிறவர்களிடம், போட வேண்டிய விஷயம் முழுவதையும் முதலில் எழுதி வாங்கிக்கொள். இரண்டு தடவை திருத்தித் தருவேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. அப்போதுதான் உன் படிப்பும் தப்பும்.

உனக்கு இதில் நிஜமாகவே பிடிப்பு வந்தால், பி.காம். படிப்பதால் வழி அடைபட்டுவிடவில்லை. டிசைன் மேற்படிப்புக்கு ஐஐடி மும்பை நடத்தும் சீட் (CEED) நுழைவுத் தேர்வு இருக்கிறது. தகுதி இடத்துக்கு இடம் மாறும், பிறகு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

இப்போதைக்குப் புதிதாக எதையும் ஆரம்பிக்காதே. அந்த ரத்ததான போஸ்டரையே எடு. துளி, இதயம், புகை, கட்டடம் நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள். எது என்பதை நீயே முடிவு செய். இரண்டு ஃபான்ட், தேதி பெரிதாக. பிரிண்ட் எடுத்து மெஸ் வாசலில் ஒட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் தூணோரம் பத்து நிமிஷம் நின்று, யார் நிற்கிறார்கள், கண் எங்கே போகிறது என்று பார்த்து நோட்டில் குறி. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு லீவு. அதற்குள் லேயரோடு ஃபைலை அனுப்பிவிடு; வெறும் ஜேபெக் மட்டும் அனுப்பாதே. அம்மாவிடம் மறுபடி காட்டிவிட்டுக் கூப்பிடுகிறேன்.